பதினேழாம் ஆலையில் பச்சை விளக்கு

கதவிடுக்கில் வைத்துச் சாத்தினால் மனிதனின் மணிக்கட்டு எப்படிப் போகும், முதலில் தோலா எலும்பா என்று கிளாட்வின் யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து ஹாஜிரா திரும்பி, சரியா என்று கண்ணால் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோய், முதல் படி விடுகிறேன் என்று சொன்னாள். எதற்குத் தலையாட்டினோம் என்பது அவனுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. தூத்துக்குடியில் ஒரு கட்டடத்தின் மாடியில், ஏசி குளிரில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்குள் நட்டு வைத்திருக்கும் காற்றாலைகளுக்குக் காவல் இருப்பதுதான் இவர்கள் இருவரின் பிழைப்பு. ஹாஜிரா ஆலைகளை ஓட்டுகிறவள், நிறுத்துகிறவள். கிளாட்வின் அவற்றின் நடுக்கத்தைப் படிக்கிறவன். ஒவ்வொரு ஆலையின் உச்சந்தலையிலும் பஸ் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதற்குள் இருக்கும் கியர்பாக்ஸிலும் ஜெனரேட்டரிலும் ஒட்டியிருக்கும் சென்சார்கள் அதிர்வை ஓயாமல் கரைக்கு அனுப்பும். அதைப் பார்த்து இந்த பேரிங் அடுத்த மாதம் தாங்காது, அந்த கியரில் பல் போகப் போகிறது என்று உடைவதற்கு முன்பே அவன் சொல்ல வேண்டும். என் மகனுக்கு ஜோசியம் பார்க்கிற உத்தியோகம் என்று அம்மா கோயில் வாசலில் சொல்லிக்கொள்வாள், அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். ஜோசியக்காரன் இப்போது பதினேழாம் ஆலையின் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அங்கே ஜெனரேட்டரின் பேரிங்கை மாற்றியிருந்தார்கள். இப்போது சோதனை ஓட்டம். படிப்படியாக வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, அதிர்வைப் பார்த்து, சரி என்றால் அடுத்த படி. பேரிங்கை மாற்றியவன் டெரன்ஸ். கிளாட்வினின் அக்காள் அமலியின் புருஷன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிளாட்வின் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சாகிறவரை பேசுவதாகவும் இல்லை. அதனால்தான் இன்று வயர்லெஸ்ஸில் பேச்சு முழுவதும் ஹாஜிராவுடையது, இவனுடையது தலையாட்டல் மட்டும். ஏன் என்று அவள் கேட்கவில்லை, தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

சட்டப்படி இப்போது அந்தப் பெட்டிக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. ஆலை சுற்றும்போது ஆட்கள் கீழே இறங்கி, படகில் ஏறி, தள்ளிப் போய் நிற்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவன் அந்த ஏணியில் ஒரு தடவைகூட ஏறியிருக்க மாட்டான் என்பது இவர்கள் கட்சி. இறங்கி, படகேறி, சோதனை முடிந்து, மறுபடி படகிலிருந்து தாவி ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடும். ஆகவே ஒருவன் மேலேயே தங்கிவிடுவான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங்கின் உறைமேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, உள்ளே என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்பான். கரையில் இருப்பவர்கள் மேலே ஆள் இல்லை என்று பதிந்துகொள்வார்கள். பெட்டிக்குள் இருக்கும் கேமராவின்மேல் ஒரு கையுறையை மாட்டிவிடுவார்கள், யாருக்கும் பொய் சொன்ன பாவம் வராது. இன்றும் பதினேழின் கேமராவில் தெரிவது ஒரு கையுறையின் உள்ளங்கை மட்டும், சாம்பல் நிறத்தில், விரல்களைத் தொங்கவிட்டபடி. டெரன்ஸோடு போன பொன்னுலிங்கம் மறந்துவிட்ட கிரீஸ் குழாயை எடுக்கக் கோபுரத்தின் அடிக்குப் போயிருந்தான். ஆக மேலே டெரன்ஸ் தனியாக. உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று கிளாட்வினுக்குப் பார்க்காமலே தெரியும். ஜெனரேட்டருக்கு இடப்பக்கம் குந்தி, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி. அந்தத் தலைக்கும் கப்ளிங்குக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இருக்காது. கப்ளிங் என்பது கியர்பாக்ஸையும் ஜெனரேட்டரையும் கோக்கிற உருளை, ஆள் தொடையைவிடப் பருமன், அந்தப் பெட்டிக்குள் ஆக வேகமாகச் சுற்றுவது அதுதான். அதற்குமேல் ஒரு தகர மூடி உண்டு. காதுக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவன் உட்காருவான், எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள்.

அவர் கதவ சாத்துனாரு, என் கை இருந்துச்சு. அப்படித்தான் சொன்னாள் அமலி. ஏதோ கதவு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், நடுவில் தற்செயல் ஒன்று புகுந்துகொண்ட மாதிரி. ஞாயிறு பூசை முடிந்து அவன் முத்தையாபுரத்துக்குச் சாப்பிடப் போயிருந்தான். ஊளி மீன் குழம்பு. இடக்கையால் அள்ளி ஊற்றினாள். விருந்தாளிக்கு இடக்கையால் பரிமாறுகிற பெண் அல்ல அமலி, சின்னப் பிள்ளையில் இவன் இடக்கையால் அப்பளம் எடுத்ததற்கே மண்டையில் குட்டியவள். வலக்கையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வழுக்கிவிட்டது என்று டெரன்ஸே சொன்னான், சொல்லிவிட்டு, ஒரு இடத்தில பாத்து நடக்கத் தெரியாது உங்கக்காவுக்கு என்று சிரித்தான், இவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்து கிளாட்வினின் வாய்க்குள் கசந்தது. பிறகு டெரன்ஸ் போன் பேச வாசலுக்குப் போனபோது, கிளாட்வின் மோர் எடுக்க அடுக்களைக்குள் போக, அவள் துணியை விலக்கினாள். மணிக்கட்டு கறுத்து வீங்கி, குறுக்கே ஒரே நேர்கோட்டில் பள்ளம் விழுந்திருந்தது. கோடு போட ஸ்கேல் வைத்த மாதிரி. வழுக்கி விழுந்தால் கோடு விழாது. அவளும் அதற்குமேல் மறைக்கவில்லை. கதவைச் சாத்தினார், கை இருந்தது. எடுத்துருங்கன்னு சொன்னேன், சாத்திக்கிட்டே இருந்தாரு. அவன் வாசலை நோக்கித் திரும்பினான். அவள் முழங்கையால் அவனை மறித்தாள். நல்ல கைதான் சும்மா இருந்ததே, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று பிற்பாடுதான் யோசித்தான், அந்தக் கையால்தான் அவள் வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அத்தான்ட்ட ஒண்ணும் கேட்டுராத தம்பி, இப்ப நல்லாத்தான் இருக்காரு. இனி அந்த நாயோடு பேசினால் என் பெயர் கிளாட்வின் இல்லை என்றான். அவள் மீன் சட்டியை மூடிக்கொண்டே, நீ பேசாம இருந்தா அதுக்கும் எனக்குத்தான் விழும் என்றாள், உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற அதே குரலில். அவன் போய் உட்கார்ந்து மீதிச் சோற்றைத் தின்றான். தின்றானே. எழுந்து அந்தச் சட்டியை எடுத்து டெரன்ஸின் தலையில் கவிழ்த்திருக்கலாம், மோர் ஊற்றித் தின்றான்.

இரண்டாம் படி. ஹாஜிரா பார்த்தாள், அவன் திரையைப் பார்த்தான். வேகம் ஏறி நின்றிருந்தது, கப்ளிங்குக்குப் பக்கத்து சென்சார் அனுப்பும் அலை திரையில் ஊர்ந்தது. புது பேரிங் சுத்தமாக இருந்தது, பிறந்த பிள்ளை மாதிரி. ஆனால் கப்ளிங் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை துள்ளியது. ஒன்று இருந்தால் சமநிலை சரியில்லை, போகட்டும். இரண்டு என்றால் வேறு. விரிசல் விட்ட எதுவும் ஒரே சுற்றுக்குள் ஒரு தடவை திறக்கும், ஒரு தடவை மூடும். திறக்கும், மூடும். கதவு மாதிரிதான். அந்தத் துள்ளல் வேகத்தோடு கூடியதென்றால்கூடப் பயப்பட வேண்டாம், வேகம் நின்ற இடத்திலேயே நிற்க, துள்ளல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. திரையின் மூலையில் பதினேழுக்கான விளக்கு பச்சையாகவே எரிந்தது. எரியத்தானே செய்யும். அலாரம் எந்த அளவில் அடிக்க வேண்டும் என்பதற்கு பேஸ்லைன் என்று ஒன்று வைப்பார்கள், இந்த இயந்திரத்தின் வழக்கமான நடுக்கம் இவ்வளவு என்று. பதினேழின் கப்ளிங் சில மாதமாகவே கொஞ்சம் கொஞ்சமாக அந்த அளவைத் தாண்டித் தாண்டி அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கும், போய்ப் பார்ப்பார்கள், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆலையும் உடையாமல் ஓடும். நாலு தடவை அப்படி ஏமாந்தால் இந்த அறையில் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பேஸ்லைனை உயர்த்திவிடுவது. இதுதான் இனி இதற்கு வழக்கம் என்று கணினிக்குச் சொல்லிவிடுவது. அலாரம் வாயை மூடும், அடுத்தவன் தூங்கலாம். பதினேழுக்கு அதைச் செய்தது கிளாட்வின்தான், ஒரு தடவை அல்ல. இன்று அந்தத் துள்ளலைப் பச்சை விளக்கு மன்னித்துக்கொண்டிருந்தது, அவனைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. ஹாஜிராவுக்குத் தெரிவது விளக்கு மட்டும். நாளைக்கு விசாரணை வைத்தாலும், விளக்கு பச்சை, விதிப்படி மேலே ஆள் இல்லை, கேமராவில் கையுறை. அவன் தலையை ஆட்டினான். ஆட்டவில்லை, கழுத்து தானாகத் தாழ்ந்தது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஹாஜிரா வேகத்தைக் கூட்டினாள்.

தெறித்தால் எப்படித் தெறிக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், படம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். முதலில் விரிசல் முழுச்சுற்றும் ஓடும். உருளை இரண்டாகப் பிரியும். கியர்பாக்ஸ் பக்கத்துத் துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் வெளியே காற்று இறக்கைகளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிய்ந்த முனை ஒரு சாட்டை மாதிரி பெட்டிக்குள் அடிக்கும். தகரமூடி இல்லாத இடம், முழங்கால் ஊன்றிய இடம், சாய்த்த தலை. முதல் அடி தாடையில். அமலியின் தாடையில் ஒரு தடவை விழுந்திருக்கிறது, பல் வலி என்று மூன்று நாள் கஞ்சி குடித்தாள். இரண்டாம் அடி கையில், ஸ்க்ரூ டிரைவர் பிடித்த அதே வலக்கையில். அது கதவு மாதிரி பொறுமையாகச் சாத்தாது, எடுத்துவிடு என்று சொல்ல நேரம் தராது. விலா எலும்பு. கழுத்து. கிளாட்வினின் கை மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை இறுக்கிக்கொண்டிருந்தது, பிளாஸ்டிக் நொறுங்கிய சத்தம் கேட்டு ஹாஜிரா என்ன என்றாள், ஒன்றுமில்லை என்றான். ஒன்றுமில்லை. ஒரு மனிதனை அடித்துக் கொன்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான், அதுவும் நாற்காலியை விட்டு எழாமல். இனித்தது. வெட்கமில்லாமல் சொன்னால், வயிற்றுக்குள் எங்கோ இனித்தது. சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவருவார்கள், அமலி கறுப்புச் சேலை கட்டுவாள், அழுவாள், கம்பெனி பணம் கொடுக்கும், அந்த வீட்டில் கதவுகள் கதவுகளாக மட்டும் இருக்கும். இவன் முன்வரிசையில் நின்று செபம் சொல்வான். எல்லாரும், பாவம், மச்சினன் கண் முன்னாலேயே என்பார்கள்.

அடிச்சா ஏறாது மாப்ள. சூடாக்கி, மெல்ல ஏத்தணும். எங்கிருந்து வந்தது இந்தக் குரல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆலைகளை நேரில் பார்க்க வேண்டும் என்று கிளாட்வினை மேலே அனுப்பியபோது, டெரன்ஸ் அவனுக்கு பேரிங் மாட்டிக் காட்டினான். சுத்தியலைத் தேடியவனின் கையைத் தட்டிவிட்டான். பேரிங்கை அடிக்கக் கூடாது, அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குண்டுகளில் சின்னச் சின்னக் குழி விழும், என்றைக்கோ ஒரு நாள் அது கத்தும் என்றான். சூடேற்றி, அது லேசாக விரிந்ததும், துணி சுற்றிய இரண்டு கையாலும் ஏந்தி, குளிப்பாட்டிய பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி தண்டில் ஏற்றினான். அப்படி ஒரு கை. இந்தக் கடற்கரையில் அவன் மாட்டிய பேரிங் கத்தியதே இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட, அலைகளைப் படிக்கிற கிளாட்வினுக்கே தெரியும். இரும்பை அடிக்கக் கூடாது என்று தெரிந்த கை அது. அன்று இறங்கும்போது கடல் கெட்டிருந்தது. படகோட்டி இஞ்ஞாசி அண்ணன் படகின் மூக்கை ஏணியோடு முட்டக் கொடுத்துப் பிடித்திருந்தார், கிளாட்வின் காலை எடுத்து வைக்கவும் ஓர் அலை படகைக் கீழே இழுத்துவிட்டது. அந்தரத்தில் தொங்கினான். அடுத்த அலையில் படகு ஏறி வந்து அவனை ஏணியோடு வைத்து நசுக்கப்போகிறது என்பது தெரிந்தும் கத்தக்கூட வரவில்லை. மேலேயிருந்து ஒரு கை அவன் பிடரிச் சட்டையையும் வாரையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்துத் தூக்கியது. அவன் கால் இருந்த இடத்தில் படகு இடித்து ஏணிக் கம்பி வளைந்தது. டெரன்ஸின் கை. அன்று இரவு முழுவதும் பிடரியில் நக அடையாளம் இருந்தது, அதைத் தடவித் தடவி அழுதான். அதே கைதான். இரண்டு கை இல்லை அவனுக்கு, ஒரே வலக்கைதான், இதையும் செய்தது அதையும் செய்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் கிளாட்வின் பல்லைக் கடித்தான்.

மூன்றாம் படியில் வேகம் நிற்கவும் துள்ளல் ஒரு தாவு தாவியது. பச்சை. இன்னும் பச்சை. பச்சைக்கு என்ன தெரியும். அமலி வளையல் போடுவதை நிறுத்தியது கல்யாணமான முதல் ஈஸ்டருக்குப் பிறகு, வேலைக்கு இடைஞ்சல் என்றாள், கிளாட்வின் சரி என்றான். வாசலில் பைக் வந்து நின்றால் பேச்சைப் பாதியில் வெட்டி எழுந்து சேலையைச் சரிசெய்வாள், புருஷனுக்கு மரியாதை என்று அம்மா மெச்சினாள். போனில் பேசும் நேரம் சுருங்கியது. முன்பெல்லாம் காது சூடாகும்வரை பேசுவாள், பிறகு அவரு வார நேரம் என்று வைத்துவிடுவாள், பிறகு எடுப்பதே இல்லை, செய்திதான். பல் வலி. மாடிப்படி. கால் சுளுக்கு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது, அலாரம் அடிக்கிற அளவு இல்லை. வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கோடு, மேலே ஏறுகிற கோடு, கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். இவன் அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறான். கொஞ்சம் கோவக்காரரு, மத்தபடி தங்கமானவரு என்று அம்மா ஒரு தடவை அளவை உயர்த்தினாள். வேலை அலுப்பு என்று இவன் ஒரு தடவை உயர்த்தினான். எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று இன்னொரு தடவை. போய்ப் பார்த்தார்கள், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவளும் உடையாமல் ஓடினாள். அதுதான் இனி வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்த மணிக்கட்டைப் பார்த்த பிறகுகூட அவன் என்ன செய்தான், பேச மாட்டேன் என்று சபதம் போட்டான். பெரிய வீரம். அவன் பேசாத இந்த நாட்களில் அந்த வீட்டில் அதற்கும் சேர்த்து எவ்வளவு விழுந்திருக்கும் என்று இப்போதுதான், துள்ளுகிற அந்தக் கோட்டைப் பார்த்தபடி, முதன்முதலாக நினைத்தான். நினைத்தவுடன் எழுந்து எதையாவது உடைக்க வேண்டும்போல இருந்தது, திரையை, நாற்காலியை, தன் மூக்கை.

அவனைச் சாகவிட்டால் அவள் பிழைப்பாள். அது கணக்கு. நேரான கணக்கு, தப்பே இல்லை. ஆனால் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான். ஹாஜிரா காத்திருந்தாள். கியர்பாக்ஸின் சத்தத்தைக் கேட்க வைத்திருந்த ஒலிபெருக்கியில் பதினேழு உறுமிக்கொண்டிருந்தது, அந்த உறுமலுக்குள் டக், டக் என்று ஒரு நாக்கு தட்டியது, அவனுக்கு மட்டும் கேட்கிற நாக்கு. சாத்துகிறான். எடுத்துருங்க என்கிறாள். சாத்திக்கொண்டே இருக்கிறான். இப்போது யார் சாத்துகிறது. உள்ளே கையை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாது, வெளியே நின்று ஒருவன் மெல்ல, பொறுமையாக, படிப்படியாகச் சாத்திக்கொண்டிருக்கிறான். டெரன்ஸ்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், வரவில்லை. அந்தக் கதவின் பிடி தன் கையில் இருப்பதுதான் கிளாட்வினுக்கு அருவருப்பாக இருந்தது. கப்ளிங்கில் விரிசல், ஆளை ஏணித் துவாரத்துக்கு இறங்கச் சொல்லு, இறக்கைகளை மெல்லத் திருப்பி நிறுத்து, பிரேக்கை மட்டும் தொடாதே, பிரேக் பிடித்தால் அந்த உதறலிலேயே போய்விடும் என்று ஹாஜிராவிடம் சொன்னான். தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது. அவள் விளக்கைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், விளக்கை விட்டுவிட்டாள். இறக்கைகளைத் திருப்பத் தொடங்கிக்கொண்டே வயர்லெஸ்ஸில் சொன்னாள்.

டெரன்ஸ் சிரித்தது கேட்டது. மேடம், அங்க பச்ச எரியுதா செவப்பு எரியுதா என்றான். பச்சைதான் என்று அவள் சொல்ல வேண்டியதாயிற்று. பெறவு என்ன, நான் காத வச்சுக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன், பேரிங் வெண்ண மாதிரி ஓடுது, எதுக்கு நிறுத்துதீங்க, அடுத்த படி விடுங்க என்றான். அவன் கேட்பது பேரிங்கை. தான் மாட்டிய, கத்தாத, தங்கமான பேரிங்கை. முதுகுக்குப் பின்னால் வேறொன்று திறந்து மூடிக்கொண்டிருப்பது அந்தக் காதில் விழாது. ஹாஜிரா மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் உரக்க. ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு பயப்படாதீங்க மேடம் என்றான். கிளாட்வின் அப்போது ஒரு நிம்மதியை உணர்ந்தான், அழுக்கான நிம்மதி. சொல்லியாயிற்று. கேட்கவில்லை. இனி அவன் பாடு. கை கழுவியாயிற்று, மோர் ஊற்றித் தின்னலாம். வேகம் இறங்கிக்கொண்டிருந்தது, இறங்கும் வழியில் ஓர் இடம் வரும், அங்கே எந்த இயந்திரமும் ஒரு குலுக்கல் குலுங்கித்தான் கடக்கும், அந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அவன் கண்ணுக்குள் அமலி அடுக்களையில் சட்டியை மூடிக்கொண்டு நின்றாள். அவன் கை நீண்டு ஹாஜிராவின் கையிலிருந்த வயர்லெஸ்ஸைப் பறித்தது.

"அத்தான், நான் கிளாட்வின். கப்ளிங் தெறிக்கப் போகுது. எல்லாத்தையும் போட்டுட்டு ஏணிக்குப் போங்க."

பேசாதவன் பேசியதில் டெரன்ஸுக்கு என்ன புரிந்ததோ, இரும்புத் தரையில் ஸ்க்ரூ டிரைவர் விழுந்து உருண்டது கேட்டது, பூட்ஸ் ஓடியது கேட்டது, துவாரத்தின் மூடி இழுபடுவது கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. ஒலிபெருக்கி ஒரு அறை வாங்கியது மாதிரி செத்தது, திரையில் பதினேழின் கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உச்சிக்குப் போய் அறுந்தன. விளக்கு அப்போதுதான் சிவந்தது. கேமராவில் கையுறை குலுங்கி, ஒரு விரலில் தொங்கி, விழுந்தது. புகைக்கு நடுவே பெட்டியின் உட்புறம் தெரிந்தது. ஜெனரேட்டரின் இடப்பக்கத் தகடு கிழிந்து சுருண்டிருந்தது. முழங்கால் ஊன்றும் இடத்தில் தரை ஒரே நேர்கோட்டில் பள்ளமாகிக் கிடந்தது. பிய்ந்த முனை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு சுற்றிலும் எதையோ அடித்துக்கொண்டு, பிறகு சோர்ந்து, பிறகு நின்றது. ஹாஜிரா, யா அல்லாஹ் என்று முனகியது அவனுக்கு வெகுதூரத்தில் கேட்டது. அவன் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நெடுநேரம் கழித்து வயர்லெஸ்ஸில் மூச்சு வாங்குவது கேட்டது. இந்த வயர்லெஸ் பொதுவானது, படகில் இஞ்ஞாசி அண்ணன், கோபுரத்துக்குள் பொன்னுலிங்கம், மற்ற ஆலைகளில் ஏறியிருக்கிறவர்கள், துறைமுகக் கொட்டகையில் சாமான் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதில் பேசுவது சந்தையில் நின்று பேசுகிற மாதிரி. மாப்ள, இருக்கேன், ஏணியில இருக்கேன், பொன்னுலிங்கம் மேல வந்துட்டான் என்றான் டெரன்ஸ். குரல் நடுங்கியது, அந்த ஆள் குரல் நடுங்கி கிளாட்வின் கேட்டதில்லை. உயிரக் குடுத்துட்ட மாப்ள, நான் இத மறக்க மாட்டேன் என்றான், அழுதான்கூட. கிளாட்வினுக்கு அந்த அழுகை பொய்யென்று தோன்றவில்லை. அதுதான் கொடுமை. அமலியின் காலைப் பிடித்துக்கொண்டும் இவன் இப்படித்தான் அழுதிருப்பான், அதுவும் பொய்யாக இருந்திருக்காது, அளவை ஒரு படி உயர்த்திக்கொண்டு அவள் கண்ணைத் துடைத்துவிட்டிருப்பாள். பிறகு டெரன்ஸ் மூக்கை உறிஞ்சிவிட்டு, குரலைத் தாழ்த்தி, வீட்டு மனிதர்களிடம் மட்டும் பேசுகிற விதமாகச் சொன்னான்.

"அக்காட்ட மட்டும் சொல்லிராத மாப்ள. பயந்துருவா."

கிளாட்வின் பொத்தானை அழுத்தினான். விரல் வெளுக்கும்வரை அழுத்தினான். இந்தச் சந்தையில் நின்று இதைச் சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கப் பேசும், அம்மா கோயில் வாசலில் தலை நிமிர மாட்டாள், அமலியே முதலில் திட்டுவாள். சொன்ன பிறகு அந்த ஆள் கரையேறி நேரே வீட்டுக்குத்தான் போவான் என்பதும் அவனுக்குத் தெரிந்தது, அதுதான் அவனுக்கு ஆகப் பெரிய பயம். கோடு எங்கே போய் முட்டும் என்று முன்கூட்டியே தெரிகிற உத்தியோகம்.

"அவ கைய கதவுல வச்சு நசுக்குனது நீங்க அத்தான். மாடியில வழுக்கல. நான் இப்பவே போய் அவளக் கூட்டிட்டு வந்துருதேன். நீங்க போகும்போது அவ அங்க இருக்க மாட்டா."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். டெரன்ஸ் ஏதோ சொல்லத் தொடங்கி, எல்லாரும் கேட்கிறார்கள் என்பது உறைத்து நிறுத்திக்கொண்டான். பொன்னுலிங்கம் இருமினான். படகு கரை சேர ஆகிற நேரம்தான் கையிலிருந்தது, நல்ல கடலாக இருந்தால் அது அதிகமில்லை, முத்தையாபுரம் பாதையில் லாரிகள் வேறு மறிக்கும், அவள் உடனே கிளம்புவாளா, துணிமணி எடுக்க வேண்டாமா, வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால். ஹாஜிரா அவன் கையிலிருந்து வயர்லெஸ்ஸை வாங்கிக்கொண்டு, நீ போ கிளாட்வின், இங்க நான் பாத்துக்கிடுதேன் என்றாள். அப்போது வயர்லெஸ்ஸில் இஞ்ஞாசி அண்ணனின் குரல் வந்தது, இத்தனை நேரம் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்.

"கடல் சரியில்ல. ஆள ஏத்திக்கிட்டு நான் மெதுவாத்தான் வருவேன். கரை பிடிக்க இருட்டிரும்."

கிளாட்வின் கடலின் அலையை அளக்கிற திரையைப் பார்த்தான். கோடு படுத்துக் கிடந்தது. அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.